என் ரெஜிஸ்டரில் இல்லாத பதினொன்று

எய்யா,

நீ தமிழைத் தடவித் தடவித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுத்தைப் பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், மாதா கோயிலில் நான் வாசிக்கும் வாசகப் புத்தகத்தில் இருப்பதுபோல எழுதியிருக்கிறேன். புசா ரோடு பள்ளிக்கூடத்தில் உன்னைத் தமிழ் படிக்கப் போட்டபோது உன் அப்பா என்னோடு சண்டை பிடித்தார். "டெல்லில தமிழ் என்னத்துக்குட்டி, சோறு போடுமா?" என்றார். சோறு போடாதுதான். பெற்றவள் கடிதம் எழுதினால் வாசிக்கலாம் இல்லையா? "வாட்ஸ்அப்ல பேசி அனுப்பேம்மா" என்று நீ சொல்வாய். பேசினால் நடுவில் எனக்கு அழுகை வந்துவிடும். நீ உடனே "அச்சா அச்சா, விடும்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது. ரயிலில் ஒரு நாளைக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டும், வேறென்ன வேலை உனக்கு? மெதுவாக வாசி.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் அத்தனை பெரிய தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுக்கு நீ தலைவனாகப் போகிறாய் என்று கேட்ட நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து நிறுத்திச் சொன்னேன். "உங்க பையன் என்ன படிச்சிருக்கான்?" என்று ஒரு அம்மா கேட்டார். "புள்ளியியல். அதக் கொண்டுபோய் பேக்டரில வச்சுப் பாக்குற படிப்பு" என்றேன். "ஓ, ஓட்டு எண்ணுற வேலையா?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "அதெல்லாம் இல்லக்கா. ஒரு மெஷின் நாளைக்குப் பண்ணப்போற தப்ப இன்னைக்கே சொல்லுற வேலை" என்றேன். நான் சொன்னது சரிதானா என்று உன்னிடம் கேட்கக்கூட இல்லை. இத்தனை வருஷம் நீ பேசிப் பேசி எனக்கே பாதிப் படிப்பு வந்துவிட்டதே, சரியாகத்தான் இருக்கும்.

உனக்கு அந்தப் புத்தி சின்ன வயதிலேயே இருந்தது. நாம் அப்போது சரோஜினி நகரில், ஓக்லா கம்பெனி வேலையோடு காலையில் நான் வீட்டு வேலையும் பார்த்த அதிகாரி வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தோம். அங்கிருந்து புசா ரோட்டுக்குப் பஸ். தினமும் பஸ் தாமதம் என்று நான் டிரைவரைத் தாறுமாறாகத் திட்டுவேன். நீ நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்னவோ குறித்துக்கொண்டே இருந்தாய். ஒரு மாதம் கழித்து, பத்து வயதுப் பயல், பஸ் ஸ்டாப்பில் எல்லோரும் கேட்கும்படி சொன்னாய்: "அம்மா, பஸ் தினமும் லேட் இல்ல. திங்கக்கிழமை மட்டும்தான் லேட். மத்த நாள்லாம் நாமதான் லேட்." நின்றவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் அதையே பத்து தடவை சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனேன்.

இத்தனை பெருமையையும் வைத்துக்கொண்டு முந்தாநாள் ராத்திரிச் சாப்பாட்டில் ஏன் பாதியில் எழுந்து போனேன் என்று நீ கேட்கவில்லை. கவனித்திருக்கவும் மாட்டாய். அப்பாவிடம் உன் புது வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். "போன மொத நாளே ஒரு ரூல்ப்பா. ரெஜிஸ்டர்ல பொய் எழுதுறவன் யாரா இருந்தாலும் சரி, சீதா பாஹர், நேரா வெளியதான். ஒரு வார்னிங்கூடக் கிடையாது" என்றாய். உன் அப்பா, "அப்படித்தாம்ல இருக்கணும்" என்று தலையாட்டினார். நான் ரசம் எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குள் போய் நின்றேன். உன் ரூல் நான் வேலை பார்த்த இடத்தில் இருந்திருந்தால் முதல் ஆளாக வெளியே போயிருப்பவள் உன் அம்மாதான். அந்தக் கதையில் பாதி உனக்குத் தெரியும். மீதியை நான் உன்னிடம் மறைத்துவிட்டேன். நீ ஓசூரில் போய் இறங்குவதற்குள் அது உனக்குத் தெரிய வேண்டும், இல்லையென்றால் உனக்குக் கீழே வேலை பார்க்கப்போகிற நாற்பது பேருடைய பிழைப்பு உன் கையில் தப்பாகப் போய்விடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஓக்லாவில் நான் வேலை பார்த்த கம்பெனி உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் என் வாயால் கேள், உனக்கு அது லேப்டாப்பில் ஒரு படம், எனக்குப் பத்தொன்பது வருஷம். சீலிங் ஃபேனின் நடுவில் இருக்கும் இரும்புத் தண்டு, அந்த ஷாஃப்டைச் செய்து, அதில் பேரிங் பூட்டி அனுப்புவோம். தண்டு பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போனால் பேரிங் ஏறாது. அதிலிருந்து பத்து மைக்ரானுக்கு மேல் மெலிந்தால் பேரிங் லூசாகி, ஃபேன் ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும். மைக்ரான் கண்ணுக்குத் தெரிகிற அளவு இல்லை, டயல் கேஜின் முள்ளுக்குத்தான் தெரியும். மூன்று கிரைண்டிங் மெஷின். ஒவ்வொன்றிலிருந்தும் மணிக்கு ஐந்து ஷாஃப்டை எடுத்து, கேஜுக்கு அடியில் வைத்து, தண்டு எத்தனை மைக்ரான் மெலிந்திருக்கிறது என்று முள் காட்டுகிற எண்ணை ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்துவரை நல்லது. பதினொன்று என்றால் ரிஜெக்ட். மெஷினை நிறுத்த வேண்டும், அந்த ஒரு மணி நேரத்துச் சரக்கு முழுவதையும் ஓரம் கட்ட வேண்டும், சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் நான் ஒரு பதினொன்றை எழுதினேன். சொல்லிக்கொடுத்தபடி மெஷினை நிறுத்தச் சொல்லி, சூப்பர்வைசரையும் கூப்பிட்டேன். அந்த மெஷினில் நின்றவன் ராம்பிரசாத் என்ற பீகார்க்காரன், காண்ட்ராக்ட் ஆள். சூப்பர்வைசர் எல்லார் முன்னிலும் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டார். சாயங்காலம் அவனுடைய கேட் பாஸைப் பிடுங்கி, வேலையைவிட்டு நிறுத்தினார்கள். போவதற்கு முன் அவன் என் மேஜைக்கு வந்தான். அடிக்க வருகிறானோ என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அவன் கையைக் கூப்பி, "ஏக் ஹீ தோ தா, தீதீ" என்றான். ஒன்றே ஒன்றுதானே அக்கா என்று அவ்வளவுதான் கேட்டான், திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் பெண்டாட்டி அப்போது நிறைமாதம் என்று மறுநாள் டீ குடிக்கும்போது மற்றவர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நான் பதினொன்றே எழுதவில்லை. முள் பதினொன்றில் நிற்கும்போது தலையை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் பத்துமாதிரித் தெரியும். பத்து என்று எழுதிவிடுவேன். பன்னிரண்டில் நின்றாலும் பத்துதான். இது பொய் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை, மாதாமேல் ஆணை. இரக்கம் என்றுதான் நினைத்தேன். ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறேன் என்று நினைத்தேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை, பாவம் என்று தெரிந்தால்தானே சொல்வேன்! என் ரெஜிஸ்டரில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. ஆடிட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதை விரித்துவைத்து, "பஹுத் அச்சா" என்று என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போவார்கள். அதில் எனக்குத் திமிரும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தத் திமிரில்தான் நீ முனிர்காவில் ரூம் எடுத்து எம்.டெக். படிக்கும்போது, "ப்ராஜெக்டுக்கு நிஜமான டேட்டா வேணும்மா, எந்தக் கம்பெனியும் தர மாட்டேங்கிறான்" என்று புலம்பியதும் நான் நெஞ்சைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தேன். மேனேஜரிடம் போய் நின்று, என் மகன் படிக்கிறான், பழைய ரெஜிஸ்டரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று அனுமதி வாங்கினேன். நீ மூன்று சனிக்கிழமை வந்து, ஸ்டோர் ரூமில் தூசிக்குள் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு போனாய். மத்தியானம் உனக்கு டப்பாவில் எலுமிச்சம்பழச் சோறு கொண்டுவந்து கொடுத்தேன். கேன்டீனில் இருந்த எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். என் மகன் என் கையெழுத்தைப் படிக்க வந்திருக்கிறான் என்ற நினைப்பில் அன்றைக்கு நான் நடந்த நடையே வேறு.

அப்புறம் இரண்டு வாரம் நீ போன் எடுத்தால் சரியாகப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாய். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நல்ல மத்தி கிடைத்தது என்று வாங்கிவந்து கழுவிக்கொண்டிருந்தேன். நீ லேப்டாப்பை அடுக்களை மேடையில் வைத்தாய். ஒரு படம், பூஜ்யத்திலிருந்து தொடங்கி எண்ணுக்கு ஒரு கட்டை. நடுவில் உயர்ந்து, ஓரத்தில் இறங்கி வந்து, பத்தில் மட்டும் திடீரென்று ஒரு கோபுரம். அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, வழித்துத் துடைத்த மாதிரி. "அம்மா, இந்தப் பதினொண்ணுலாம் எங்க போச்சு?" என்று மெதுவாகக் கேட்டாய். "ஒம்பதுலேருந்து இறங்குற வேகத்தப் பாத்தா பதினொண்ணு இத்தனை வரணும், பன்னெண்டு கொஞ்சம் வரணும். ஒண்ணுகூட இல்ல. எல்லாம் பத்துல வந்து நிக்குது."

நான் என்ன செய்தேன்? மீன் கையோடு உன்னைப் பிடித்துத் தள்ளினேன். "பெத்தவளயே திருடிங்கியால? ஒன்னயப் படிக்கவச்சது இதுக்குத்தானா, சவத்துப்பயலே! எந்திச்சுப் போ வெளிய!" என்று கத்தினேன். நீ லேப்டாப்பில் ஒட்டியிருந்த செதிலைத் துடைத்துக்கொண்டு, சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டாய். உன் அப்பா கேட்டதற்கு, "ஒம்மவனுக்குப் படிச்சுப் படிச்சுக் கோட்டி பிடிச்சிருக்கு" என்றேன். பன்னிரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நீ போன் பண்ணினாலும் எடுக்கவில்லை. நீ சொன்னது பொய்யாக இருந்தால் எனக்கு அத்தனை கோபம் வந்திருக்காது. அந்த மீன்குழம்பை வைத்து, சாப்பிட மனமில்லாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன், எய்யா. அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

பதின்மூன்றாவது நாள்தான் ஜெயராணி விவகாரம் வந்தது. ஜெயராணியை உனக்குத் தெரியும், நம் தெருவுக்கு அடுத்த தெரு, புருஷன் இல்லாதவள், என்னைக் கும்பிட்டு வேலைக்குச் சேர்ந்தவள். ஷாஃப்டில் பேரிங்கை ஏற்றுகிற பிரஸ்ஸில் நிற்பாள். ஃபேன் சத்தம் போடுகிறது என்று மார்க்கெட்டிலிருந்து சரக்கு கூடை கூடையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, ஜெயராணியைப் பார்த்து, "நீ பேரிங்கை நேராக ஏற்றவில்லை, கோணலாக அடித்து ஏற்றுகிறாய்" என்றார். அவள், "சார், ஷாஃப்டே லூசா வருது சார்" என்று அழுதாள். அவர் மேஜையில் இருந்த என் ரெஜிஸ்டரைத் திறந்து, அவள் முகத்துக்கு நேராகக் காட்டினார். "இதைப் பார். ஒரு ரிஜெக்ட்கூடக் கிடையாது. ஷாஃப்ட் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. அப்படியானால் தப்பு யாருடையது?" சனிக்கிழமையோடு கணக்கை முடித்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

ஜெயராணி என்னைப் பார்த்தாள். "யக்கா, நீங்களாச்சும் சொல்லுங்கக்கா" என்றாள். நான் தரையைப் பார்த்தேன். ராம்பிரசாத்துக்காக, அவனைப்போல இன்னும் எத்தனையோ பேருக்காக இரக்கப்பட்டு எழுதிய பத்துகள் எல்லாம் வரிசையாக நின்று ஒரு ஏழைப் பெண்ணுக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. அதுவும் என் கையெழுத்தில்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே வந்து உனக்கு போன் பண்ணினேன். நீ முதல் மணியிலேயே எடுத்தாய். ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று கேட்கவில்லை. ஜெயராணியின் விஷயத்தை மட்டும் சொன்னேன், என் பத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீயும் தோண்டவில்லை. "அம்மா, பழசு எல்லாத்தையும் விடு. ரெண்டாம் நம்பர் மெஷின்லேர்ந்து வர்ற ஷாஃப்ட, வர்ற வரிசையிலேயே அம்பது எடு. ஒண்ணுகூடத் தள்ளாத. முள்ளு என்ன சொல்லுதோ அதை எழுது. தலையைச் சாய்க்காத" என்றாய். தலை சாய்ப்பதை நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. "ஏன்டா ரெண்டாம் நம்பர்?" என்றேன். "உன் பத்துல முக்காவாசி அந்த மெஷின்ல இருந்துதான் வருது" என்றாய்.

ஐம்பதும் எடுத்தேன். நேராக நின்று பார்த்தேன். எட்டு, பதின்மூன்று, மூன்று, பன்னிரண்டு, இரண்டு, பதினொன்று. பதினொன்றைப் பதினொன்று என்று எழுதும்போது, பத்தொன்பது வருஷம் கழித்து முதல்முறையாக, ராம்பிரசாத்தின் முகம் எதிரே நின்றது. நீ போனில் சொல்லியிருந்தபடி, ஒவ்வொரு எண்ணுக்கும் தாளில் ஒரு புள்ளியாக வரிசையாக வைத்தேன். மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தது. போனில் படம் எடுத்து அனுப்பினேன். நீ உடனே கூப்பிட்டு, "அம்மா, டிசம்பர்ல நீ தோசை மாவோட சண்டை போடுவியே, அதேதான் இது" என்றாய். டெல்லிக் குளிரில் ஒரு நாள் மாவு பொங்கவில்லை என்றால் மறுநாள் வெந்நீர் விடுவேன், அதற்கு மறுநாள் உளுந்தைக் கூட்டுவேன், அப்புறம் அது புளித்து வழியும், உடனே குறைப்பேன். "ஒரு நாள் கெட்டதுக்கு நீ அளவ மாத்துறதாலதான் மறுநாளும் கெடுது" என்று நீ முன்பே என்னைக் கேலி பண்ணியிருந்தாய். மெஷினில் நிற்கிறவனும் ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் பயந்து பயந்து அளவை மாற்றிக்கொண்டே இருக்கிறான், அது ஒன்று. மெஷினின் உள்ளே தேய்ந்துபோய் ஆட்டமும் இருக்கிறது, அது இன்னொன்று. யாரும் ரிஜெக்ட் எழுதாததால் யாரும் அதைத் திறந்து பார்க்கவே இல்லை என்றாய். யாரும் என்றுதான் சொன்னாய், நீ என்று சொல்லவில்லை. அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாதது. மறுநாள் காலையில் நான் தனியாக மேனேஜர் அறைக்குப் போனேன். ஐம்பது புள்ளி வைத்த தாளை மேஜையில் வைத்து, "சாப், ஜெயராணிமேல தப்பு இல்லை. ரெண்டாம் நம்பர் மெஷின்தான். ரெஜிஸ்டர் பொய். நான்தான் எழுதினேன்" என்று ஹிந்தியில் சொன்னேன். அவர் நம்பவில்லை. சினேகிதியைக் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்று நினைத்தார். "பத்தொன்பது வருஷம் ஒன்று எழுதினீர்கள், ஒரே நாளில் வேறொன்று எழுதிக்கொண்டு வருகிறீர்கள். நான் ரெஜிஸ்டரை நம்பட்டுமா, உங்களை நம்பட்டுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்போதுதான் உன் படத்தை எடுத்தேன். நீ திட்டு வாங்கிக்கொண்டு போன அன்று ராத்திரியே எனக்கு அனுப்பியிருந்தாய், நினைவிருக்கிறதா? அதைக் காலையில் ஒரு கடையில் பிரிண்ட் எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தேன். கொடுப்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாமல்தான் கொண்டுபோனேன்.

அவர் படித்த மனிதர். படத்தைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்தின் கோபுரத்தையும் அதற்கு அடுத்த வெறுமையையும் விரலால் தடவிப் பார்த்தார். நான் வாயால் சொன்னபோது நம்பாததை அந்தத் தாள் நம்பவைத்துவிட்டது. பிறகு, "யே கிஸ்னே பனாயா?" என்றார். இதை யார் செய்தது என்று கேட்கிறார். நான் அங்கே எப்படி நின்றேன் தெரியுமா? சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு, வேலை போகப்போகிறது என்று தெரிந்து நின்றேன். ஆனால் அந்தக் கேள்விக்கு மட்டும் என் தலை தானாக நிமிர்ந்தது. "மேரா பேட்டா" என்றேன். என் பிள்ளை. வெட்கம் கெட்டவள், அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பொய்யைக் கண்டுபிடிக்க இந்த டெல்லியில் ஆடிட்டுக்கு வந்த ஒருத்தனாலும் முடியவில்லை, நான் பெற்றவனால் முடிந்தது என்ற திமிர்.

ஜெயராணிக்கு வேலை நிலைத்தது. இரண்டாம் மெஷினைப் பிரித்தார்கள், நீ சொன்ன இடத்தில்தான் தேய்ந்திருந்தது. சத்தம் போடுகிற சரக்கு திரும்பி வருவது மெல்ல நின்றது. இதெல்லாம் உனக்குச் சொன்னேன். எனக்கு மெமோ கொடுத்ததைச் சொல்லவில்லை. பழைய ஆள் என்று வேலையைவிட்டு எடுக்கவில்லை, இன்ஸ்பெக்ஷன் மேஜையிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. உன்னிடம், "கண்ணு மங்குதுய்யா, நானே கேட்டு மாத்திக்கிட்டேன்" என்றேன். நீ கவலைப்பட்டு என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய். அவர் பார்வை சுத்தமாக இருக்கிறது என்றதும் நீ அவரைச் சந்தேகப்பட்டாய், பாவம் அந்த மனிதர்! உனக்கு எம்.டெக். வாய்மொழித் தேர்வு, அந்த வைவா, அப்போது பக்கத்தில் இருந்தது. உன் ப்ராஜெக்ட் உன் அம்மாவின் மேஜையைப் பிடுங்கிவிட்டது என்று தெரிந்தால் நீ அந்தப் படத்தையே கிழித்துப் போட்டிருப்பாய். அது நடக்கக் கூடாது என்றுதான் மறைத்தேன். இது இன்னொரு பத்து, அதையும் இப்போது திருத்திவிட்டேன்.

பேக்கிங்கில் நின்ற காலத்தில் எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. மேஜையில் என் இடத்துக்கு வந்த பெண் முதல் வாரமே முள்ளைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள். நான் தூரத்திலிருந்து பார்த்தேன். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம் சூப்பர்வைசர் மெஷினில் நின்றவனைப் பிடித்துக் கத்தியதைத்தான். ஆளை மாற்றினார்கள், கத்துகிற வாயை மாற்றவில்லை. பிறகு உன் படத்தை வைத்துக்கொண்டு மேனேஜரே ஒரு உத்தரவு போட்டார்: ரிஜெக்ட் வந்தால் மெஷினைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அன்றைக்கு யாருடைய பாஸையும் தொடக் கூடாது. சூப்பர்வைசர் கொஞ்ச நாள் முணுமுணுத்தார், அப்புறம் அடங்கினார். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் நேராக நின்று பார்க்க ஆரம்பித்தாள். அதே பெண்தான், அதே கண்தான்.

ஆகவே, எய்யா, உன் ரூலைப் பற்றி ஒரு வார்த்தை. நீ என்னைவிடப் படித்தவன், கணக்கில் உனக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நாற்பது பேரும் ரெஜிஸ்டரில் என்ன எழுதுவார்கள் என்பது அவர்கள் கண்ணை மட்டும் பொறுத்ததில்லை, உன் முகத்தையும் பொறுத்தது. பொய் எழுதினால் வேலை போகும் என்று மிரட்டினால் அவர்கள் என்னைவிட அழகாகப் பொய் எழுதப் பழகிக்கொள்வார்கள். கோபுரம்கூட வராது, உன் படத்தில் எல்லாம் ஒழுங்காக இறங்கி வரும். உன்னாலேயே கண்டுபிடிக்க முடியாது. நான் நல்லவள் என்று சொல்லவரவில்லை. ஜெயராணியைத் தெருவில் நிறுத்தப் பார்த்தவள் நான், அதை எந்த இரக்கத்தையும் காட்டி மழுப்ப மாட்டேன். தப்பைத் தப்பு என்று சொல். ஆனால் உண்மையை எழுதுகிறவனுக்கு அன்றைக்கு என்ன நடக்கிறது என்பதை முதலில் பார். அதைச் சரிபண்ணிவிட்டு அப்புறம் உன் ரூலைப் போடு. உனக்குக் கோபம் சீக்கிரம் வரும், என் ரத்தம்தானே. கோபம் வந்தால் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வா.

அந்தப் படத்தை உன் தீசிஸில் "ஒரு இன்ஸ்பெக்டரின் பதிவுகள்" என்று போட்டிருக்கிறாய். நீ ஒருமுறை பக்கத்தைத் திருப்பிக் காட்டியபோது அந்த வரியைப் பார்த்தேன், ஆங்கிலம் அவ்வளவுக்கு எனக்குத் தெரியும். என்னை மூடி மறைக்கத்தான் அப்படி எழுதினாய் என்று தெரிந்து அன்றைக்குக் கழிப்பறையில் போய் அழுதேன். இனி மறைக்க வேண்டாம். ஓசூரில் அந்த நாற்பது பேரையும் முதல் நாள் உட்காரவைத்து, சுவரில் அந்தப் படத்தைப் போடு. இது எங்க அம்மா எழுதின ரெஜிஸ்டர் என்று சொல். ராம்பிரசாத்தைச் சொல், ஜெயராணியைச் சொல், மெமோவையும் சொல். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அதற்கப்புறம் அவரவர் மேஜைக்கு அனுப்பிவிட்டுக் காத்திரு. ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதம்கூட ஆகலாம், அவசரப்படாதே. யாரோ ஒருத்தி பயந்துகொண்டே ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு உன் அறைக்கு வந்து, "சார், பதினொண்ணு" என்பாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு போன் போடு.

உன் அம்மா